டிகிரி ஏறாத வைன்

என்னைக் கட்டிக்கொள்ள வந்தவருக்கு என் அப்பா வைத்த பரீட்சை, ஒரு பாட்டில் சிகப்பு வைன்.

ஜாதகம் எங்கே, நிலம் எவ்வளவு என்று கேட்கிற அப்பாக்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் சகாதேவன். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். பாண்டிப் பக்கத்தில் இவர்களைச் சொல்தா என்பார்கள். பொம்மையார்பாளையத்தில் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு கிளாஸ் வைன் குடிப்பார். அந்த ஒரு கிளாஸையும் திட்டிக்கொண்டேதான் குடிப்பார்.

"இது வைனா? சாயத் தண்ணி. கப்பல்ல கெடாம வரணும்னு மருந்தைக் கொட்டி அனுப்புறான். குடிச்சா சாயந்திரம் மண்டை இடிக்குது."

"மண்டை இடிச்சா குடிக்காதீங்க" என்பாள் அம்மா.

உடனே அப்பா அந்த விதவைக் கதையை ஆரம்பிப்பார். பிரான்சின் தெற்குப் பக்கம் பட்டாள பாராக்கில் இருந்த காலத்தில், லீவு நாளில் ஒரு விதவையின் தோட்டத்துக்குத் திராட்சை பறிக்கப் போனாராம். அவள் திராட்சையைத் தவிர வேறு எதையும் தொட்டியில் போட மாட்டாளாம். அந்த வைனைக் குடித்தால் மறுநாள் தலை பஞ்சு மாதிரி இருக்குமாம். அதற்கப்புறம் அப்படி ஒரு வைன் எங்கேயும் கிடைக்கவில்லையாம். இருபது வருஷமாக இதே கதை. என் அம்மா பொன்னம்மாள் இருபது வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: "நீங்க தேடறது அந்த வைனையா, அந்த விதவையையா?"

நான் தெய்வநாயகி. எழுபத்து மூணாம் வருஷம் எனக்கு மரக்காணத்தில் தையல் டீச்சர் வேலை. தினமும் பஸ். அனுமந்தை தாண்டினால் ரோட்டுக்கு மேற்கே உப்பளம் வந்துவிடும், பஸ்ஸுக்குள் கண் கூசும். அந்த பஸ்ஸில்தான் பச்சமுத்துவைப் பார்த்தேன். உட்கார இடமில்லாத நெரிசலில், ஒரு கண்ணாடிக் குழலைத் துண்டில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிரேக் போட்டதில் என் மேல் சாய்ந்தார். நான் கத்தினேன்.

"மன்னிச்சிக்குங்க டீச்சர். கம்பியைப் புடிச்சா இது உடைஞ்சிடும்."

"அது இன்னா அப்படி ஒசந்த பொருளு?"

"டிகிரி பாக்கறதுங்க. உப்புத் தண்ணியில போட்டா, தண்ணி கட்டியா ஆவ ஆவ இது மேல எழும்பும். இருபத்தஞ்சு டிகிரி வந்தா பாத்தியில உப்பு இறங்கும். அதுக்குக் கீழே இருந்தா இன்னும் வெயில் வேணும்னு அர்த்தம்."

உப்பளத்தில் அவர் மேஸ்திரி. எந்தப் பாத்தித் தண்ணீரை எப்போது அடுத்த பாத்திக்கு விடுவது என்று சொல்வது அவர் வேலை. அந்தக் குழலை எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிற பைத்தியம் அவருக்கு. மோரில் போடுவார், கூழில் போடுவார், எங்கள் ஸ்கூல் கிணற்றில் கூடப் போட்டார். டிகிரி ஏறியிருந்தால் முகம் மலரும். ஏறாவிட்டால் "வெயில் பத்தல" என்பார். ஒரு வருஷம் இப்படியே பஸ்ஸில் பேசி, சண்டை போட்டு, கடைசியில் இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அவர் எப்போது முடிவு பண்ணினார் என்று கேட்டால் இன்றைக்கும் சிரிப்பார்.

அப்பாவுக்கோ வேறு கணக்கு. பட்டாளத்தில் தன்னோடு இருந்த ஒரு சொல்தாவின் மகன் கலியபெருமாள் என்று ஒருவன் பிரான்சில் இருந்தான். சித்திரையில் லீவுக்கு வருகிறான், பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்றிருந்தார். நான் நேராகச் சொன்னேன். "எனக்குப் பிரான்சும் வேணாம், கலியபெருமாளும் வேணாம். மரக்காணத்துல ஒருத்தர் இருக்காரு."

அப்பா கத்தவில்லை. பச்சமுத்துவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி கொடுத்தார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு "அலோர்..." என்றார். பிரெஞ்சில் அதற்கு 'அப்புறம்' என்று பொருளாம். அப்பா வாயில் அதற்கு 'மாட்டினியா' என்றுதான் பொருள்.

"தம்பி, ஒருத்தன் எதைத் தேடிப் புடிச்சிக் கொண்டாறான்னு பாத்தா அவன் யாருன்னு தெரிஞ்சிடும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு சாப்பிட வா. வர்றப்போ ஒரு சிகப்பு வைன் கொண்டா. தெராட்சையைத் தவிர அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு மருந்து இருந்தாலும் என் நாக்குக்குத் தெரியும். கொண்டாந்தீன்னா பொண்ணு உனக்கு. இல்லேன்னா கலியபெருமாளை நான் வரச் சொல்லிடுவேன்."

பச்சமுத்து "சரிங்க ஐயா" என்று எழுந்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷமாகத் தனக்கே கிடைக்காத ஒன்றைக் கேட்டு, வீட்டுக்கு வந்த மனுஷனை மரியாதையாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார் அல்லவா? அன்று ராத்திரி நான் அப்பாவுக்குச் சோறு போடவில்லை. அம்மா போட்டாள்.

அரசாங்கம் மதுவிலக்கைத் தள்ளி வைத்திருந்த சமயம் அது. பாட்டிலோடு ரோட்டில் போனால் யாரும் மடக்க மாட்டார்கள். பச்சமுத்து மறுநாளே பாண்டிக்குப் போய், ஒரு பெரிய கடையில் மருந்து போடாத வைன் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தங்க லேபிளைக் காட்டினாராம். இன்னொன்று தேன் மாதிரி இனிக்கும் என்றாராம். மூன்றாவது ரொம்ப வருஷத்துச் சரக்கு, அதனால் விலையும் ரொம்ப என்றாராம். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, துண்டிலிருந்து கண்ணாடிக் குழலை எடுத்து, "ஒவ்வொண்ணுலயும் போட்டுப் பாத்துக்கட்டுங்களா?" என்றிருக்கிறார். கடையில் நின்ற ஆட்கள் சிரித்த சிரிப்பில் வெளியே வந்துவிட்டார்.

"ஏன் அங்கெல்லாம் போனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன் பஸ்ஸில்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் ஊருக்கு மேலண்டை செம்மண் மேட்டில் லூசியான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கீற்றுக் கொட்டகை போட்டுக் கத்திரியும் தக்காளியும் பயிர் செய்துகொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். ஊரில் அவருக்குத் தாடித் தொரை என்று பேர். அவர் பைஜாமாவெல்லாம் நான் தைத்தவை. யூரியா மூட்டை புதிதாக வந்து எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிய காலத்தில், அவர் மட்டும் சாணியைக் கூடையில் சுமந்துகொண்டு போனார். ஊரே சிரித்தது. அப்படிப்பட்டவர் வீட்டில் வைன் இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்கும் என்று யூகிக்க எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேரும் போனோம். லூசியான் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, வைக்கோல் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். லேபிள் இல்லை. பாட்டிலில் சுண்ணாம்பால் வருஷம் மட்டும் எழுதியிருந்தது.

"அண்ணன் தோட்டம். கடைசி பாட்டில்" என்றார் தன்னுடைய தமிழில். "அண்ணன் செடிக்கு யூரியா போட மாட்டான். பூச்சி மருந்து அடிக்க மாட்டான். சாணி, நடுவுல அவரைக்கொடி, கையால களை. பழம் மிதிப்பான். தோல் மேல வெள்ளையா இருக்கும் இல்லே, அதுவே நுரைக்க வைக்கும். அதுக்குன்னு பொடி போட மாட்டான். வடிகட்ட மாட்டான். அதனால அடியில கசடு இருக்கும். பயப்படாதே. வருஷத்துக்கு ஒரு ருசி. மழை வருஷம் ஒரு மாதிரி, காஞ்ச வருஷம் ஒரு மாதிரி."

"கடையில வாங்கினா எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"தங்கக் காகிதம் பாக்காதே. யார் செஞ்சான், எப்படிச் செஞ்சான்னு கேளு. கடைக்காரனுக்குத் தெரியலேன்னா வாங்காதே." இவ்வளவுதான் அவர் சொன்னது. இன்றைக்கும் எனக்கு அதற்கு மேல் வைன் தெரியாது, அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை.

பச்சமுத்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கண்ணாடித் தூள் போல மினுமினுவென்று சில பரல்கள் கிடந்தன. "உப்பு இறங்கியிருக்குங்களே!" என்றார்.

"உப்பு இல்லே. திராட்சைப் புளிப்பு. குளிர்ல அப்படிக் கட்டியாகும். நல்லது, நல்லது" என்ற லூசியான், பாட்டிலை அவர் கையில் கொடுத்துத் தோளில் தட்டினார். "எல்லாம் சூரியன் செய்யறது. மனுஷன் ஒண்ணும் இல்லே."

சூரியன் என்றதும் பச்சமுத்து முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தெரிந்தவர் பேரைக் கேட்டது போல மலர்ந்தது. அப்போது எனக்கு அதில் ஒன்றும் விபரீதமாகப் படவில்லை.

அந்த வாரம் பஸ்ஸில் அவர் ஒரே உற்சாகம். பாட்டில் பத்திரமா என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை பாருங்க டீச்சர்" என்பார். வெள்ளிக்கிழமை, "ரெண்டு டிகிரி வந்திடுச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாத்தித் தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பாத்தித் தண்ணீர் ரெண்டு டிகிரி வந்ததற்கு எந்த மேஸ்திரியாவது சந்தோஷப்படுவானா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் வந்தார். அம்மா எறா வறுத்து, வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். அப்பா பட்டாள மெடலைக் குத்திக்கொண்டு மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரே மேஜை, அதில் நாலு பேர். "தாடித் தொரையோட அண்ணன் தோட்டத்துதுங்க" என்று பச்சமுத்து பாட்டிலை வைத்தார். கார்க் மேல் புதிதாக மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. லூசியான் கொடுத்தபோது அந்த மெழுகு இல்லையே என்று எனக்குச் சட்டென்று உறைத்தது.

அப்பா திறந்தார். ஊற்றினார். கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ருசியில் வந்த தண்ணீர் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே மூக்கில் ஏறியது, ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல.

ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணி, திரும்பி வர வெகு நேரம் ஆனது. ஆனால் துப்பவில்லை. விழுங்கினார். கிளாஸை வைத்துவிட்டு, என்னையும் பச்சமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, அவருக்கே ஒரு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரல் தணிந்தது.

"கப்பல்ல வந்த பாட்டிலு... சூடு பட்டு அங்கியே கெட்டுப் போயிருக்குமோ தம்பி?"

அது அப்பா திறந்துவிட்ட கதவு. 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னொரு பாட்டிலுக்குத் தவணை கிடைக்கும். நான் மேஜைக்கு அடியில் பச்சமுத்துவின் காலை என் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன்.

"இல்லீங்க ஐயா" என்றார் அந்த மனுஷன். "கப்பல்ல ஒண்ணும் ஆவல. நான்தான் வெயில்ல வெச்சேன்."

"இன்னாது?"

"வீட்டுக்குப் போய் மெதுவா தொறந்து, டிகிரி பாத்தேங்க. குழலு முங்கிப் போச்சி. வெறும் தண்ணியில நிக்கிற அளவுக்குக் கூட நிக்கல. ஆனா அடியில பரலு இறங்கியிருக்குது. டிகிரி வராம எப்படிங்க பரலு இறங்கும்? சரி, எங்கியோ மழைத் தண்ணி பூந்திடுச்சின்னு நெனச்சேன். அகலமான மண்சட்டியில ஊத்தி, மேல மெல்லிசு துணி கட்டி, பாத்தி வரப்புல வெச்சேன். ஒரு வாரம். நல்ல பங்குனி வெயிலு. ரெண்டு டிகிரி ஏறிச்சிங்க. அதுக்கு மேல ஏற மாட்டேன்னுடுச்சி."

கடைசி வாக்கியத்தை உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

கலியபெருமாள் பெட்டி படுக்கையோடு எங்கள் வாசலில் வந்து இறங்குவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அம்மா மட்டும் எழுந்து வந்து கிளாஸை முகர்ந்தாள். "வினிகர்தான். நல்ல காடி" என்றாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

"ஏதாவது சேர்த்தியா?" அப்பா கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க. வெயிலும் காத்தும்தான்."

அப்பா கிளாஸைத் திரும்ப எடுத்தார். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடினார். மூடினவர் திறக்கவில்லை. "மருந்து போட்ட சரக்கா இருந்தா இவ்ளோ சுத்தமா புளிச்சிருக்காது" என்றார். "அதைத் திறந்து வெச்சா நாத்தம்தான் வரும். இதுல பழம் வாசனை இன்னும் இருக்குது பாரு. இது அதான். நான் பழம் பறிச்ச அந்தத் தோட்டத்து வைன் மாதிரியே. இருபது வருஷம்..." திடீரென்று கண்ணைத் திறந்தார். "அடப் பாவி! அதை எடுத்துட்டுப் போய் உப்பு காய்ச்சியிருக்கியேடா!"

அப்பா மனம் உடைந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை. கோபம்தான் முதலில் வாய் திறந்தது.

"நீ கேட்டது தெராட்சையைத் தவிர ஒண்ணும் இல்லாத வைன். கொண்டாந்தாரா இல்லியா?"

"கொண்டாந்தான். ஆனா..."

"ஒரு சொட்டு மருந்து இருந்தாலும் உன் நாக்குக்குத் தெரியும்னு சொன்னியே. இருக்குதா?"

"இல்லே."

"அலோர்?" என்றேன் நான்.

அப்பா என்னை முறைத்தார். நான் பார்வையை இறக்கவில்லை. அப்பாவே பச்சமுத்து பக்கம் திரும்பினார்.

"கப்பல்ல கெட்டுதான்னு கேட்டேனே. ஆமாம்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். ஏன்டா சொல்லல? இவ வேற உன் காலைப் போட்டு மிதிச்சா. மேஜையே ஆடுச்சி."

பச்சமுத்து மிதிபட்ட காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அந்தத் தொரையோட அண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. ஆனா ஒரு வருஷம் பூரா வெயில்ல நின்னு, ஒண்ணும் கலக்காம செஞ்சிருக்காரு. என்னோட உப்பை நனைய விட்டுட்டு எவனாவது வண்டிக்காரன், 'மரக்காணத்து உப்பே இப்படித்தான்'னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதான்... வாய் வரலீங்க."

அடுப்பங்கரையிலிருந்து அம்மா வந்தாள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, அந்தக் காடியை ஊற்றி, மிளகு தூவி ஒரு தட்டில் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். அப்பா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். எறாவோடு இன்னொரு வாய். அப்புறம் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு துண்டு வெங்காயம் மிஞ்சவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொன்னார்: "கலியபெருமாள் வீட்டுக்கு ஆள் அனுப்பணும். நம்ம பொண்ணுக்கு இடம் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிடணும்."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அழுகிற முகத்தை அந்த இரண்டு ஆண்களுக்கும் காட்ட எனக்கு இஷ்டமில்லை. உள்ளே இருந்தபடியே கேட்டது, அப்பா பச்சமுத்துவிடம் சொன்னது: "அடுத்த பாட்டில் வந்தா நேரா என் கையில வரணும். நீ கிட்டவே வரக் கூடாது. புரிஞ்சிதா?"

அடுத்த பாட்டில் கல்யாணத்துக்கு வந்தது. லூசியான் அண்ணனுக்குச் சொல்லி, கப்பலில் வந்த யாரோ ஒருவர் மூலம் வரவழைத்திருந்தார். பந்தி முடிந்ததும் அப்பா தன் கையால் திறந்தார். மாப்பிள்ளையைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் திறந்தார். முதல் வாயை ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கின பிறகு விதவைக் கதை வரவில்லை. கையை அசைத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, தன் கிளாஸையே அவரிடம் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். அப்புறம் மெல்லக் குனிந்து என் காதில் சொன்னார்:

"டீச்சர், வெயில் பத்தல."